லாபம், ஒண்ணு, ரெண்டு

நாலு மணிக்கு வருகிறேன் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், இப்போது மூன்றடிக்க ஐந்து நிமிஷம், அரம் கையில் இருக்கிறது, ஒரு புள்ளியை அராவி எடுக்க ஒரு மணி நேரம் எதற்கு, ஐந்து நிமிஷம் போதும். ஆனால் கை அசைய மாட்டேன் என்கிறது. ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து போர்டிகோவுக்குள் நுழைந்து, தரையில் விரித்திருக்கும் பழைய பெட்ஷீட்டின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது. பறக்காது, நாலு மூலையிலும் பாரம் இருக்கிறது. ஒரு மூலையில் இரட்டைக் கார்புரேட்டர், ஒன்றில் கடைந்து எடை குறைத்த ஃப்ளைவீல், ஒன்றில் நாலு குழாய் ஒன்றாகச் சேரும் ஹெடர், அது சூட்டில் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறிக் கிடக்கிறது, நாலாவது மூலையில் என் இடது கால். நடுவில் வால்வைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட், அதன் நுனியில் மாட்டுகிற பல்சக்கரம், கேம் கியர் என்போம். கல்யாண வீட்டில் சீர் பரப்பியது மாதிரி பரப்பி வைத்துவிட்டுக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். என் பழைய எஸ்டீம் காருக்குப் போன மாதம் பெரிய எஞ்சின் ஏற்றியாகிவிட்டது. பந்தயத்துக்கென்று பழைய எஞ்சினுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்த சாமான்கள் இவை, இனி எனக்கு வேண்டாதவை. வேண்டாததை விற்பதில் என்ன இருக்கிறது, துடைத்தோமா, காட்டினோமா, கொடுத்தோமா என்று இருக்க வேண்டியதுதானே. வனிதா உள்ளே சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள், மின்விசிறியின் சத்தம் ஜன்னல் வழியாக வருகிறது, சுற்றுக்கு ஒரு தரம் அது ‘டக்’ என்கிறது, எண்ணாதே எண்ணாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பந்தய வாட்ஸப் குழுவில் போட்டோ போட்ட அரை மணி நேரத்தில் அவள் கூப்பிட்டாள். தமயந்தி, திருப்பூர், சாயப்பட்டறை ஆபீசைப் பார்த்துக்கொள்கிறாள், இரண்டு வருஷமாகத்தான் பந்தயத்தில் வண்டி ஓட்டுகிறாளாம். "அண்ணா, எனக்கு மொத்தமாவே வேணும், வேற யாருக்கும் குடுத்தறாதீங்க" என்றாள். பேச்சில் அவசரமும் மரியாதையும் சேர்ந்து இருந்தது, எனக்குப் பிடித்துப்போயிற்று, சரியென்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள், "எஞ்சின் செட்டிங் எல்லாம் நாச்சிமுத்து அண்ணன்தானுங்க பண்றாரு, சிங்காநல்லூர்ல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றாள். தெரிஞ்சிருக்குமே. பதினோரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அவருடைய மெக்கானிக் ஷெட்தான். மூன்று வருஷமாக அந்தத் தெருவுக்கே போவதில்லை, பழ மார்க்கெட்டுக்குப் போவதென்றால்கூடச் சுற்றிக்கொண்டு குளத்தேரிப் பக்கமாகப் போகிறேன், வனிதா ஏன் என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். "தெரியுமுங்க" என்றேன். "கியர்ல பல்லெல்லாம் நல்லா இருக்குதான்னு ஒருக்கா எண்ணிப் பாத்துருங்கண்ணா, அவரு கேப்பாரு" என்றாள். அவர் கேட்பார். பல் தேய்ந்திருக்கிறதா, மொக்கையாகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணித்தான் வாங்குவார், எனக்கு அந்தப் பழக்கம் அவரிடமிருந்து வந்ததா அவருக்கு என்னிடமிருந்து போனதா தெரியாது. அவள் எண்ணச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் எண்ணியிருக்க மாட்டேன். பொடி டப்பாவைத் திறக்காமல் இருந்தால் தும்மல் வந்திருக்காது.

சாப்பிட்டதும் பழைய டூத் பிரஷ், அரைக் குவளை பெட்ரோல் என்று ஆரம்பித்தேன். வெயில் இல்லை, வெளிச்சம் மட்டும் இருந்தது, பெட்ரோல் வாசனை தலைக்குள் மெல்லப் போய் எல்லாவற்றையும் கொஞ்சம் தூரத்தில் தள்ளி வைத்தது. சக்கரத்தின் மேல் கிரீஸ் கெட்டியாக அப்பியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாச்சியண்ணன் எல்லாச் சாமானையும் துடைத்துப் பேப்பரில் சுற்றிச் சாக்கில் போட்டு ஆட்டோவில் அனுப்பி வைத்தது, அப்படியே கிடந்தது, நான் பிரிக்கவே இல்லை. மற்றதற்கெல்லாம் மேலாக எண்ணெய்தான் தடவியிருந்தார், இதற்கு மட்டும் கை நிறையக் கிரீஸ். துருப்பிடிக்காமல் இருக்க என்று நினைத்துக்கொண்டேன். கிரீஸ் போனதும் புள்ளி தெரிந்தது, பஞ்ச் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் விழுகிற சின்னக் குழி, கடுகு உட்காரலாம். அந்தப் புள்ளியை எஞ்சின் தலையில் இருக்கும் அம்புக்குறிக்கு நேராக வைத்துத்தான் பெல்ட் மாட்ட வேண்டும், அப்போதுதான் வால்வு திறக்க வேண்டிய நேரத்தில் திறந்து மூட வேண்டிய நேரத்தில் மூடும். கம்பெனிப் புள்ளி ஒன்று உண்டு, எங்களுக்கு அது ஆகாது, நாங்கள் எஞ்சின் தலையைச் சீவி, கேமையும் சாணை பிடித்து மாற்றியிருந்தோம், அதனால் புதிதாக ஒரு புள்ளி. சக்கரத்தை அச்சில் மாட்டுகிற இடத்தில் ஒரு வெட்டு இருக்கிறது, அதற்கு நேர் பல்லை ஒன்று என்று வைத்து எண்ணினால் பதிமூன்றாவது பல்லில் புள்ளி இருக்க வேண்டும். எண்ணினேன். பதினாலில் இருந்தது. சாப்பாட்டு மயக்கம் என்று முகம் கழுவிக்கொண்டு வந்து எண்ணினேன், பதினாலு. எதிர்ப்பக்கமாகச் சுற்றி எண்ணிக் கழித்துப் பார்த்தேன், பதினாலுதான். நான் பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறவன், ஒரு நாளைக்கு நானூறு இம்பெல்லர், பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம், என் கைக்கு வருகிறது, தப்பானதின் மேல் சிவப்புப் பெயிண்ட் வைப்பதுதான் என் உத்தியோகம், சிவப்பு விழுந்தது நேராக உலைக்குப் போகும், மேனேஜரே சொன்னாலும் எடுத்து வைக்க மாட்டேன். அந்தப் புள்ளியைப் போட்டது நான்.

எண்ணிக்கை என்றால் எனக்கு அப்பாதான். பொள்ளாச்சி மார்க்கெட்டில் தானியக் கடை, முன்னால் கம்பு, சோளம், பின்னால் நெல், அதற்கும் பின்னால் இருட்டு, இருட்டில் எலி, எலிக்குப் பயந்து நான். வள்ளம் என்கிற அளவுப் படியில் முகந்து கோலால் தலை தட்டிச் சாக்கில் கொட்டும்போது முதல் வள்ளத்துக்கு அப்பா ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார். லாபம், ரெண்டு, மூணு, நாலு. மார்க்கெட்டில் எல்லாரும் அப்படித்தான் எண்ணினார்கள், நான் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் டீச்சர் குச்சிகளை எண்ணச் சொன்னபோது லாபம் என்று ஆரம்பித்து வகுப்பே சிரித்தது. இன்றைக்கும் கம்பெனியில் வாய்க்குள் லாபம் என்றுதான் ஆரம்பிக்கிறேன், லாபம் என்றால் ஒன்று, அதில் குழப்பம் ஒன்றுமில்லை, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பீஸ் தவறியதில்லை. ஆனால் அப்பாவிடம் இன்னொரு எண்ணிக்கையும் இருந்தது. இட்டிலி சுட்டு விற்கிற ராமாத்தாள் வருவாள், காது கேட்காத பூசாரி ஒருத்தர் வருவார், இன்னும் இரண்டு மூன்று பேர், அவர்களுக்கு அளக்கும்போது அப்பாவின் குரல் கொஞ்சம் தணியும். லாபம் என்று ஒரு வள்ளம் விழும், பிறகு ஒண்ணு என்று ஒரு வள்ளம் விழும், ரெண்டு, மூணு. ஒரு வள்ளம் சும்மா போய்விடும். அம்மாவுக்குத் தெரியும், "உங்க எண்ணிக்கை ஆளுக்கு ஆளு மாறுமுங்களா" என்று உள்ளேயிருந்து கேட்பாள், அப்பா "தூக்கக் கலக்கம்டி" என்பார், காலை பத்து மணிக்கு. லாபம், ரெண்டு. லாபம், ஒண்ணு. சாக்கில் தானியம் விழுகிற சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான், கண்ணை மூடிக்கொண்டால் இப்போதுகூடக் கேட்கிறது, சரசரவென்று, முடிவில்லாமல், அதைக் கேட்டுக்கொண்டே சாக்கு மூட்டைமேல் தூங்கிப்போயிருக்கிறேன், விழித்தால் சட்டைப்பையில் சோளம் இருக்கும்.

புள்ளி போட்ட அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஷெட்டில் இருந்தேன். "பதிமூணாவது பல்லுல ஒரு மார்க் போட்டு வையுங்க தம்பி, நான் டீ வாங்கிட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நாச்சியண்ணன் வெளியே போனார். வழக்கமாக அவரே போடுவார். அன்றைக்கு என்னிடம் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, அதைச் சொன்னால் என்ன, ரொம்பவே பெருமை. சக்கரத்தை மடியில் வைத்து வெட்டுக்கு நேர் பல்லில் ஆள்காட்டி விரலை வைத்தேன். லாபம் என்றேன். போன் அடித்தது. விரலை எடுக்கவில்லை, இடது கையால் போனை எடுத்தேன், அப்பா. "குணா, அங்க மழையா?" "இல்லீங்கப்பா." "இங்க இருட்டிக்கிட்டு வருது. கொடியில கெடந்த துணியெல்லாம் எடுத்து உள்ள போட்டுட்டேன்." "செரிங்கப்பா." "நீ சாப்பிட்டயா?" "ஆச்சுங்கப்பா." "செரி, வேலையப் பாரு." நாற்பத்திரண்டு விநாடி, பிற்பாடு போனில் பார்த்தேன், பல தடவை பார்த்திருக்கிறேன், அந்த போனை மாற்றியும் அந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்து வைத்திருக்கிறேன். பேசி முடித்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்திருக்க வேண்டும், கொடித் துணிக்காக ஒரு மனுஷன் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவனைக் கூப்பிடுவாரா என்று. விரல் அதே பல்லில்தான் இருந்தது. நான் என்ன சொன்னேன் என்பது இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு ஞாபகமில்லை, இப்போது காதில் விழுகிறது, விரல் அடுத்த பல்லுக்கு நகர, ஒண்ணு என்றேன். ரெண்டு, மூணு, நாலு, அப்பாவின் தணிந்த குரலில், ராமாத்தாளுக்கு அளக்கிற மாதிரி. பதிமூணு என்று சொல்லிப் பஞ்சை வைத்து ஒரே தட்டு. நிமிர்ந்தால் வாசலில் நாச்சியண்ணன் டீயோடு நின்றுகொண்டிருந்தார். "மறுபடி எண்ணோணுங்களா அண்ணா?" என்றேன். "செக்கிங் ஆபீசரு எண்ணுனதுக்கு மேல நான் எண்றதா?" என்று சிரித்துவிட்டு என் டம்ளரை நீட்டினார். டீ நன்றாக இருந்தது.

ஒன்பதாவது நாள் அப்பா போய்விட்டார். கடைக்குக் கிளம்பிச் செருப்புப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. பொள்ளாச்சிக்கு எனக்கு முன்னால் வந்து சேர்ந்தது நாச்சியண்ணன்தான், எப்படி வந்தார் என்று தெரியாது, பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு உங்க ஷெட்ல பேசுனனே, அதுதானுங்கண்ணா கடைசி" என்று சொல்லி அழுதேன், அவர் மேல் ஆயில் வாசனை அடித்தது, அந்த வாசனைக்காகவே இன்னும் கொஞ்சம் அழுதேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம். வேண்டாமுங்க தம்பி, அடுத்த ரவுண்டு பாத்துக்கலாம் என்றார். நான் கேட்கவில்லை, வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, மொட்டைத் தலையில் ஹெல்மெட் லொடலொடவென்று ஆடியது. மூன்றாவது சுற்று, நீளமான நேர்ச் சாலை, ஏழாயிரத்தைத் தாண்டி முள் ஏறிக்கொண்டிருந்தது, எஞ்சின் பாடியது, எனக்குள்ளே பல நாளாக அடைத்துக்கொண்டிருந்தது திறந்துகொண்ட மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அப்பா செத்து இத்தனை நாளில் இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன், நினைத்து முடிக்கவில்லை, பாத்திரக்கடை அலமாரி சரிந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு காற்றுச் சத்தம் மட்டும். வண்டி தானாக உருண்டுபோய்ப் புல்லில் நின்றது. ஷெட்டில் திறந்து பார்த்தால் எட்டு வால்வும் மடங்கிக் கிடந்தது, பிஸ்டன் தலையெல்லாம் குத்துப்பட்டிருந்தது, பெல்ட் நார் நாராகப் போயிருந்தது. நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரை நீங்கள் சரியாக முடுக்கவில்லை, பெல்ட் நழுவிவிட்டது என்று நான் சொன்னேன். "எங்கப்பா போன எடத்துலருந்து வந்து ஓட்டறேன், உங்களுக்கு ஒரு போல்ட்ட டைட் வெக்க முடியலையா" என்றேன், எல்லார் முன்னாலும். அவர் கையில் பல்சக்கரம் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், விரல் ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது, நான் அதைப் பார்த்தேன், பார்த்தது இப்போதுதான் தெரிகிறது. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இருக்குமுங்க" என்றார்.

இருக்குமுங்க. மூன்று வருஷமாக அந்த ஒரு வார்த்தையை நான் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். அவரே ஒத்துக்கொண்டார் என்று வனிதாவிடம் சொன்னேன், குழுவில் இருக்கிறவர்களிடம் சொன்னேன், யாராவது சிங்காநல்லூரில் செட்டிங் செய்யலாமா என்று கேட்டால் ஒன்றும் சொல்லாமல் ஒரு சிரிப்பு மட்டும் சிரித்தேன், அந்தச் சிரிப்பு எத்தனை வண்டிகளை அவர் ஷெட்டிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கும் என்று எண்ணினால் அதற்கும் லாபம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். மணி மூன்றரை. அரத்தால் தேய்த்தால் புள்ளி போய்விடும், ஆனால் தேய்த்த இடம் பளபளக்கும், அவர் கண்ணுக்குத் தப்பாது. சக்கரத்தை மட்டும் காணவில்லை என்று சொல்லலாம், போட்டோவில் இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடலாம், அவர் பார்த்துக்கொள்வார். பார்க்காமல் விட்டால்? அந்தப் பெண் அவசரக்காரி, அவர் இல்லாத நேரத்தில் புள்ளியைப் பார்த்துத் தானே மாட்டிவிட்டால்? அதே நேர்ச் சாலை, அதே ஏழாயிரம், அதே சத்தம். சத்தம் மட்டும்தான் என்று என்ன நிச்சயம், எனக்குப் புல் கிடைத்தது, அவளுக்குச் சுவர் கிடைத்தால். காற்று நின்றுவிட்டுத் திரும்ப வந்தது. கண் சொக்குகிறது, பெட்ரோலும் மத்தியானமும் சேர்ந்து இழுக்கிறது, நாச்சியண்ணன் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற எஞ்சின் மேல் வைத்துக் கைப்பிடியைத் தன் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கேட்கிறார், பிறகு என் காதுக்கு வைக்கிறார், உள்ளே எண்ணெய் ஓடுகிற சத்தம், எட்டு வால்வும் தனித்தனியாக, சாக்கில் சோளம் கொட்டுகிற மாதிரி, "கேக்குதுங்களா தம்பி" என்கிறார், கேக்குதுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன், அரம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து கணீரென்றது. முழித்துக்கொண்டேன். போர்டிகோவின் கோடியில் வண்டி உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது, உள்ளே பெரிய எஞ்சின், அவினாசி ரோட்டுக் கடையில் ஏசி அறையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள், நன்றாகத்தான் ஓடுகிறது, ஒரு தரம்கூட அதைக் காது வைத்துக் கேட்கத் தோன்றவில்லை. கை நிறையக் கிரீஸ் எதற்கு? துருப்பிடிக்காமல் இருக்கவா? அந்தக் கேள்வியின் பக்கத்தில் போகப் பயமாக இருக்கிறது.

எழுந்து உள்ளே போனேன். டிரஸ்ஸிங் டேபிள் இழுப்பறையைச் சத்தமில்லாமல் திறக்கலாம் என்றால் அது ஒரு நாளும் சத்தமில்லாமல் திறந்ததில்லை. வனிதா கண்ணைத் திறக்காமலே, "என்னங்க தேடறீங்க?" என்றாள். "நெயில் பாலிஷ்." ஒரு கண் திறந்தது. "நகத்துக்குங்களா?" "செவப்பு இருக்குதா?" "கீழ்த் தட்டுல. கல்யாணத்துக்கு வாங்குனது. தீத்தறாதீங்க" என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாள், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "நாச்சிமுத்தண்ணன்கிட்டத்தான் போகுதா அதெல்லாம்?" என்றாள். போனில் பேசியதைக் கேட்டிருக்கிறாள். "ஆமா" என்றேன். திரும்ப வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கும் மடியில்தான் வைத்திருந்தேன். இருபத்திரண்டு வருஷமாக நாளைக்கு முப்பது நாற்பது தடவை செய்கிற வேலை, எல்லாம் அடுத்தவன் செய்ததில், நான் செய்ததில் வைப்பது இதுதான் முதல் தடவை. குட்டிப் பிரஷ்ஷைக் குப்பியின் வாயில் வழித்து, புள்ளியைச் சுற்றி மெல்ல ஒரு வட்டம் போட்டேன். சிவப்பு, வெயிலில்லாத வெளிச்சத்தில் ஈரமாக மின்னியது. காய்கிற வரைக்கும் ஊதிக்கொண்டிருந்தேன். அப்பா, நீங்கள் கூப்பிட்டது தப்பில்லை, நான்தான் விரலை எடுத்திருக்க வேண்டும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். சொன்ன பிறகும் அந்த நாற்பத்திரண்டு விநாடி முன்னால் இருந்த மாதிரி இல்லை, அதில் சோற்றுக் கல் மாதிரி ஒரு பல் கடிபடுகிறது. இனி அது இப்படித்தான் இருக்கும்.

நாலு ஐந்துக்கு வெள்ளை வண்டி ஒன்று வாசலில் நின்றது. முப்பது வயதிருக்கும், தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள், நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருந்தது. "குணசீலன் அண்ணன் வீடுங்களா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்ஷீட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள், தண்ணீர் குடிக்கிறீர்களா என்றதற்கு அப்புறமுங்க என்றாள். நேராகச் சக்கரத்தைத்தான் எடுத்தாள். "இதென்னங்கண்ணா, செவப்பா?" "அது தப்புங்க" என்றேன். "எது?" "அந்தப் புள்ளி. ஒரு பல்லு தள்ளி விழுந்திருக்குது. அத வெச்சு மாட்டுனா வால்வு மடங்கிரும். எனக்கு மடங்குச்சு." "யாரு போட்டதுங்க?" "நாந்தான்." சின்ன வார்த்தை, அதைச் சொல்ல மூன்று வருஷமா என்று இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், "எதுக்கும் அண்ணனைக் கேட்டர்றேன்" என்று கையில் பிசுக்காக இருந்ததால் போனைத் தரையில் வைத்து ஒரு விரலால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது.

"சொல்லு அம்மிணி" என்றது அந்தக் குரல், கொஞ்சம் வயசாகியிருந்தது. பின்னால் யாரோ தகடு தட்டுகிற சத்தம். "அண்ணா, குணசீலன் அண்ணன் வீட்டுல இருக்கறேன். கேம் கியர்ல பஞ்ச் மார்க்கு ஒரு பல்லு தப்புங்கறாரு. அவரு போட்டதுதானாம். சுத்தியும் செவப்பு வட்டம் போட்டு வெச்சிருக்காரு." தகடு தட்டுவது நின்றது, அவர் கையைக் காட்டி நிறுத்தியிருப்பார். காற்று போனுக்குள் புகுந்து கரகரத்தது. "பதினாலுல இருக்கும்" என்றார். "பதிமூணுல வெச்சுக்கலாம், நீ எடுத்துட்டு வா." அவள் பதினாலு என்று சொல்லவே இல்லை. நான் போனின் பக்கம் குனிந்தேன். "அண்ணா." "சொல்லுங்க தம்பி." "அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே." "என்னன்னுங்க சொல்றது. டீய வெச்சுக்கிட்டு வாசல்லதான் நின்னேன். அப்பாகிட்டச் சிரிச்சுப் பேசிட்டு இருந்தீங்க. அந்தப் போனால எண்ணிக்கை தவறிப்போச்சுன்னு, காரியம் முடிஞ்ச வாரத்துல, உங்ககிட்ட நான் சொல்றதுங்களா. எஞ்சின் வேற வாங்கிக்கலாம்." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, ஃப்ளைவீலைப் பார்த்தேன், ஹெடரைப் பார்த்தேன், தமயந்தி நல்ல பெண், கார்புரேட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு அதற்குள் எதையோ தேடினாள். ஜன்னலில் வனிதாவின் நிழல் வந்து நின்றது. "புது எஞ்சின் போட்டிருக்கீங்களாமா" என்றார். "ஆமாங்க." "டைமிங் எண்ணிப் பாத்தீங்களா?" "இல்லீங்க, கடைக்காரங்களே வெச்சுக் குடுத்துட்டாங்க." "அதெப்படிங்க எண்ணாம உடறது. அடுத்த ஞாயித்துக்கெழமை கொண்டாங்க. நீங்களே எண்ணுங்க." தகடு தட்டுகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது, அதற்கு மேலாகக் குரலை உயர்த்தி, "எண்ணி முடிக்கறவரைக்கும் உங்க போன நான் வாங்கி வெச்சுக்கறேன்" என்றார்.